இட்லித் துணிக்கு மூன்று ஆர்டர்

உளுந்தைப் போட்டுக் கல் நாலு சுற்றுச் சுற்றியதும் கோகிலவாணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பத்து. பத்து ஐம்பதுக்கு மாவை வழிக்க வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் க்ளிக்மாலா என்ற புதுக் கம்பெனிக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், திங்கட்கிழமை காலை வேலையை விட வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் நினைத்தபோது சிரிப்பு வந்தது. தனியாக நின்றுகொண்டு கிரைண்டரைப் பார்த்துச் சிரிக்கிற பெண்ணை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும், பன்னிரண்டு சதவீதம் வரப்போகிறவள் எதைப் பார்த்தும் சிரிக்கலாம். உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள், மாவு படாமலிருக்க அதற்கொரு பிளாஸ்டிக் உறை. பக்கத்தில் நோட்டு, பேனா, ஊசி மாதிரி ஒரு தெர்மாமீட்டர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஊசியை மாவில் குத்தி எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும். 'அரைத்துப் பார்' என்று இணையத்தில் அவள் ஒரு பக்கம் நடத்துகிறாள், ஐந்து வருஷமாக. எந்தக் கிரைண்டரில் மாவு பொங்கும், எதில் மாவு சூடேறும், எது ஒரு வருஷத்தில் லொடலொடக்கும் என்று வீட்டில் வைத்து அரைத்துப் பார்த்து எழுதுவாள். படிக்கிறவர்கள் அவள் கொடுத்திருக்கும் இணைப்பை அழுத்திக் கடைக்குப் போய் வாங்கினால், வாங்கிய விலையில் ஒரு துளி அவளுக்கு வரும். அந்தத் துளியைக் கடைக்காரனிடமிருந்து வாங்கி அவளிடம் சேர்க்க நடுவில் ஒரு கம்பெனி. இவ்வளவுதான் தொழில். இதைப் புருஷன் சென்னியப்பனுக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று, புரிந்த அன்றிலிருந்து அவன் பம்பு செட் பவுண்டரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான், "எங்கூட்ல அம்மிணி மாவாட்டுனா அதுக்கும் காசு வருதப்பா." கைப்பிடித்துக் கூட்டி வந்த நாளில்கூட அவன் இத்தனை பெருமைப்பட்டதாக அவளுக்கு நினைவில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள்.

பழைய கம்பெனி நூற்றுக்கு நாலு கொடுக்கிறது. நாலு. போன மாதம் ஆறாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். க்ளிக்மாலா நூற்றுக்குப் பன்னிரண்டு, ஆறு மாதத்துக்கு உறுதி, ஆனால் இன்று நண்பகலுக்குள் சேர வேண்டும், அவள் இணையப் பக்கத்தில் இருக்கிற எல்லா இணைப்பும் அவர்களுடையதாகவே மாற வேண்டும். ஆறாயிரத்து நூற்று நாற்பதை மூன்றால் பெருக்கினால் பதினெட்டாயிரத்து நானூற்று இருபது. நேற்றிலிருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டேயிருக்கிறாள், பல்துலக்கும்போது, பஸ்ஸில், குழாயடியில். ஒவ்வொரு தரமும் அதே பதினெட்டாயிரத்து நானூற்று இருபதுதான் வருகிறது, ஒவ்வொரு தரமும் புதிதாக வந்த மாதிரி இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் அவளுக்குச் சம்பளம் பதினாலாயிரத்து ஐந்நூறு. எட்டு வருஷமாக அந்த ஏசி அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கிறாள். கல்லீரல் இயல்பு, மண்ணீரல் இயல்பு, வலது சிறுநீரகத்தில் நாலு மில்லிமீட்டர் கல். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு என்பது நாற்பத்து நாலாகிவிட்டது. விரல் ஒரே விசையை இரண்டு தரம் அழுத்திவிட்டது, அவ்வளவுதான். அந்த மனிதர் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு வெயிட்டிங் ஹாலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், வேட்டி நுனியை வாயில் கவ்விக்கொண்டு. அன்றிலிருந்து எந்த எண்ணையும் ஒரு தரம் பார்த்து அவள் விட்டதில்லை. அடித்த பிறகு வாய்விட்டுப் படிப்பாள், திரும்பப் பார்ப்பாள். ராஜினாமாக் கடிதத்திலும் தேதியை மூன்று தரம் சரிபார்த்துத்தான் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்திருக்கிறாள். இன்று மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு. அந்த ஜிப்பைத் திறக்காமல் சாயங்காலம் வரைக்கும் எப்படி உட்கார்ந்திருப்பது? பத்து இருபது. ஊசியைக் குத்தினாள். இருபத்தெட்டு டிகிரி. சில்லென்றிருந்தது மாவு, நல்ல கிரைண்டர் இது, இவள் பட்டியலில் மூன்றாமிடம்.

மூன்றாமிடம் என்றதும் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிய சேலைபோல நின்றது. அதை எடுத்துவிட்டு மேலே போனாள். க்ளிக்மாலாவைப் பற்றித் தெரிந்ததே ஒரு பட்டியலில்தான். பத்துக் கம்பெனிகளை வரிசைப்படுத்தி ஒரு பக்கம், எவ்வளவு சதவீதம், எத்தனை நாளில் பணம், போன மாதம் ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு போனது, எல்லாம் கட்டம் கட்டி, பச்சை டிக் போட்டு, நட்சத்திரம் வைத்து. முதலிடம் க்ளிக்மாலா, சராசரி இருபத்தோராயிரம். பழைய கம்பெனி ஆறாமிடம். வங்கிக் கணக்கில் பணம் ஏறிய படங்கள்கூட இருந்தன, பெயரை மறைத்து, தொகையை மட்டும் காட்டி. பார்த்தவுடனே அவளுக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போயிற்று. ஏனென்று அப்போது தெரியவில்லை. ரொம்ப நாள் பழகின வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, எங்கே எது இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. நேற்று சாயங்காலம் பஸ்ஸில்தான் சட்டென்று விளங்கியது, அது அவள் பட்டியல் மாதிரியே இருக்கிறது. அதே பச்சை டிக். முதலிடத்துக்கு மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்து, அவளும் அப்படித்தான் போடுவாள். கீழே சிவப்பில் 'இங்கே அழுத்திச் சேருங்கள்'. அழுத்தாமல் விரலை வைத்துப் பிடித்தபோது முழு முகவரியும் தெரிந்தது, அதற்கு ஒரு வால் இருந்தது, கேள்விக்குறிக்குப் பின்னால் யார் அனுப்பினார்கள் என்று சொல்கிற வால். அவள் இணைப்புகளுக்கும் அந்த வால் உண்டு. அதாவது இவள் சேர்ந்தால் பட்டியல் போட்டவனுக்குத் துளி. அப்படியென்றால் முதலிடத்தில் இருப்பது நல்ல கம்பெனியா, இல்லை அவனுக்கு அதிகம் கொடுக்கிற கம்பெனியா? பஸ் சாய்பாபா காலனியில் நின்றது, பக்கத்தில் ஒருவர் இறங்கினார், அவள் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள். அவனுக்கும் வயிறு இருக்கிறதல்லவா? வால் இருந்தால் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா? நானும் வால் வைத்துத்தான் எழுதுகிறேன், நான் என்ன பொய்யா சொல்கிறேன்? அந்தக் கேள்வி வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாவு வெளுத்து, பளபளத்து, உப்பத் தொடங்கியிருந்தது. அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும், பச்சை உளுந்தின் ஈர வாசனை. காலையில் சென்னியப்பன் கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான், "திங்கக்கெழம லெட்டரக் குடுத்துப் போட்டு வா. அப்பறம் அந்த ஐஸுப்பெட்டி ரூமு எதுக்கு, ஊட்ல உக்காந்து உன்ற வேலையப் பாரு." அவள், "ஏனுங்க, பணம் நெசமாலுமே வருமுங்களா?" என்று கேட்டாள். "அதான் அவ்வளவு பேருக்கு வந்துருக்குதே, படம் போட்டுருக்கறானே. நீ அரைச்சுப் பாத்துச் சொல்ற, மத்தவங்க நம்பறாங்கல்லோ? அதேமாதிரி நீயும் நம்பு." சாதாரணமாகத்தான் சொன்னான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயும்விட்டான். நீ அரைச்சுப் பாத்துச் சொல்ற. அதுதான் இப்போது தலைக்குள் கல்லோடு சேர்ந்து சுற்றுகிறது. கிரைண்டரைப் பற்றி ஒருவன் ஆயிரம் படம் போட்டாலும் ஒரு படி உளுந்து போடாமல் இவள் வாயைத் திறக்கமாட்டாள். கம்பெனிக்கு மட்டும் படத்தை நம்புவதா? கம்பெனியை எப்படி அரைத்துப் பார்ப்பது? அட, ஏன் முடியாது? க்ளிக்மாலாவில் சோதனைக் கணக்கு ஒன்று புதன்கிழமையே திறந்து வைத்திருக்கிறாள். புதிதாக ஒரு இணைப்பு, யாரும் பார்க்காத இணைப்பு, அதை ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பி, ஒரே ஒரு பொருளை வாங்கச் சொல்லி, கணக்கில் என்ன ஏறுகிறதென்று பார்த்தால்? ஒரு படி போட்டால் எத்தனை படி வருகிறதென்று பார்ப்பதுதானே சோதனை? இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை! இடது கையைத் துடைத்துக்கொண்டு சுண்டுவிரலால் இட்லித் துணிக்கு ஒரு இணைப்பைத் தயார் செய்தாள், நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்த் துணி. அனுப்பினாள். பிறகு விரல் மூட்டால் அழுத்திக் காங்கயத்துக்குக் கூப்பிட்டாள். சென்னியப்பனின் அக்கா சிவகாமி. இவளுக்கு நங்கை.

"சொல்லு கோகிலா. என்ன இந்நேரத்துக்கு?"

"ஒண்ணுமில்லீங்க நங்கை. வாட்ஸப்புல ஒரு லிங்க் அனுப்பிருக்கறனுங்க. அதுல போயி இட்லித் துணி ஒரு பாக்கெட்டு வாங்கோணுங்க. ஒண்ணு போதுமுங்க. காசு நான் போட்டு உட்டர்றேன்."

"துணிக்குப் போயிக் காசு போடறாளாமா. இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்." எதையோ நகர்த்தும் சத்தம். "கிரைண்டரு ஓடுதாட்ட? சத்தமே கேக்கல பாரு. எங்கூட்டுது இன்னைக்கும் மாவச் சுட வெச்சுப் போட்டுது. உளுந்து ஊறுனது பத்தலயாட்ட இருக்குது. இல்லாட்டி எனக்குத்தான் கைவாகு போயிருச்சோ என்னமோ. நீ மொத எடத்துல போட்டிருக்கற மிசினு, அதக் கொற சொல்ல முடியுமா?"

"வாங்கிட்டுச் சொல்லுங்க நங்கை," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

முள் மறுபடி மாட்டியது. இந்தத் தடவை எடுக்க வரவில்லை. முதலிடத்து மிசினை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேடையில் வைத்து அரைத்தாள். இருபத்தைந்து நிமிஷத்தில் முப்பத்தெட்டு டிகிரி. நோட்டில் எழுதியிருக்கிறாள், அந்த நோட்டு மேல் அலமாரியில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டியல் எழுத உட்கார்ந்த அன்றுதான் பழைய கம்பெனியிலிருந்து கடிதம், இந்த மாடலுக்கு மட்டும் தீபாவளி வரை அவளுக்கு இரண்டு மடங்கு காசு. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று, இன்னொரு தீபாவளியும் போயிற்று, முதலிடம் மட்டும் முதலிடத்திலேயே இருந்தது. பொய் என்று ஒன்றும் அவள் எழுதவில்லை. 'மாவு லேசாக வெதுவெதுப்பாகும், நம் ஊர் வெயிலுக்கு அது சகஜம்' என்று எழுதினாள். ஒரே ஒரு வரி. அரைத்துப் பார்த்த அன்றோ நல்ல மழை. சரி, விடு, யார் செத்துப்போனார்கள், மாவு சூடானால் கொஞ்சம் சீக்கிரம் புளிக்கும், அவ்வளவுதானே? தன் வீட்டில் ஏன் மூன்றாமிடத்தை வைத்திருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. வீடியோவில் கிரைண்டரின் பெயர் தெரியாதபடி ஒரு துணியைப் போட்டுவிடுவாள். நங்கை கேட்கமாட்டாள். நங்கைக்கு முப்பது வருஷமாக மாவாட்டுகிற கை, கல்யாணமாகி வந்த புதிதில் உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர் விடுவதென்று இவளுக்குக் காட்டித் தந்த கை. அந்தக் கைக்கு வாகு போய்விட்டதாம். பத்து முப்பது தாண்டிவிட்டதா? இருபத்தொன்பது டிகிரி என்று எழுதினாளா, எழுத வேண்டும் என்று நினைத்தாளா? பார்க்காமல் போனையே பார்த்தாள்.

க்ளிக்மாலாவின் பக்கம் அழகாக இருக்கும், ஊதா நிறத்தில், எண்கள் எல்லாம் தடித்த எழுத்தில். அழுத்தியவர்கள் ஒன்று. ஆர்டர் பூஜ்யம். புது எண் வருகிறதா என்று திரையைக் கீழே இழுத்துவிட்டாள். பூஜ்யம். நங்கை கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாள். மறுபடி இழுத்தாள். பூஜ்யம். அப்படியே பூஜ்யமாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? இருந்துவிட்டால் ஏமாற்றுக்காரன் என்று தெரிந்துவிடும், பதினெட்டாயிரத்து நானூற்று இருபது போய்விடும், திங்கட்கிழமை மறுபடி சால்வை, மண்ணீரல் இயல்பு. வரட்டும், வரட்டும், ஒன்று வந்துவிடட்டும். ஐயோ, பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. போன் ஒரு தரம் அதிர்ந்தது, நங்கையின் செய்தி, 'வாங்கிட்டேன்', கூடவே ஒரு கைகூப்பின படம். இழுத்தாள். திரை முழுக்கக் கலர் காகிதங்கள் பறந்தன. வாழ்த்துகள்! ஆர்டர் மூன்று. மூன்று! மாவுக் கையோடு அந்தச் சின்னச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினாள், முழங்கை குளிர்சாதனப் பெட்டியில் இடித்தது, வலிக்கவில்லை. மூன்று, மூன்று. நாலு நிமிஷத்தில் மூன்று இட்லித் துணி விற்றவள் இந்தக் கோயமுத்தூரில் வேறு யார்? சென்னியப்பனுக்குச் சொல்ல வேண்டும், படம் பிடித்து அனுப்ப வேண்டும், இப்போதே சம்மதத்தை அழுத்திவிட வேண்டும், பத்து ஐம்பத்தைந்துதானே, மதியமே அந்த ஜிப்பைத் திறந்தால்தான் என்ன. கட்டைவிரலைச் சேலையில் துடைத்தாள். சம்மதம் என்ற பொத்தான்மேல் விரல் போய் நின்றது. அப்போது வாய் பழக்க தோஷத்தில் எண்ணை உரக்கப் படித்தது. "அழுத்தியவர்கள் பதினொன்று. ஆர்டர் மூன்று."

பதினொன்று யார்? ஒருத்திக்குத்தானே அனுப்பினாள்?

விரலை எடுத்தாள். இழுத்துப் பார்த்தாள். ஆர்டர் மூன்றுதான், நன்றாகத் தடித்த எழுத்தில். நங்கையைக் கூப்பிட்டாள்.

"அந்த லிங்க வேற யாருக்காச்சும் அனுப்புனீங்களா நங்கை?"

"அனுப்பறதா? அது எப்படின்னே எனக்குத் தெரியாதே."

"எத்தன பாக்கெட்டு வாங்குனீங்க?"

"நீ ஒண்ணுன்னுதான சொன்ன. ஒண்ணுதான் வாங்குனேன். ஏம்புள்ள, தப்பாப் போச்சா?"

"இல்லீங்க, செரியாத்தான் வாங்கிருக்கறீங்க. ஒரு நிமிசம் இருங்க."

குறைத்துக் காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பூஜ்யம் காட்டியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பாள். கூட்டிக் காட்டுகிறவனை என்ன செய்வது? நாலு நாற்பத்து நாலானது கைத்தவறு. ஒன்று மூன்றானது கைத்தவறா? இன்னும் யார் யாருடைய திரையிலெல்லாம் இப்படிக் காகிதம் பறக்கிறதோ, அவர்களும் இப்படித்தான் ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்கள், படம் பிடித்துப் போட்டிருப்பார்கள், அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இவள். மேலே ஏறுகிற எண்ணை யாரும் திரும்பப் படிப்பதில்லை. அவளே படித்திருக்கமாட்டாள், வாய் பழகியிருக்காவிட்டால். ஆனால் அழுகை வரவில்லை, அதுதான் ஆச்சரியம். காலையில் வந்த அதே சிரிப்புதான் வந்தது, இன்னும் கூடுதலாக. கண்டுபிடித்துவிட்டேன்! ஒரு துணியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன்! அத்தனை பேர் நம்பின பட்டியலை இட்லித் துணியை வைத்து, இந்த அடுப்படியில் நின்றுகொண்டு. பழைய கம்பெனியையும் இப்படியே அரைத்துப் பார்க்கலாம், பத்துக் கம்பெனியையும் பார்க்கலாம், நோட்டில் எழுதலாம், எழுதினதை அப்படியே போடலாம். அப்படியே. அப்படியே என்ற இடத்தில் நினைப்பு நின்றது. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு நோட்டு இருக்கிறது. அவன் ஒன்றை மூன்றாக்கினான். நீ மூன்றாமிடத்துக்குக்கூட ஆகாததை முதலிடமாக்கினாய். அவனாவது யாரென்று தெரியாதவர்களுக்குச் செய்தான்.

அப்போதுதான் கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. பதினொன்று ஐந்து. நிறுத்தினாள். திடீரென்று வீடு அமைதியாயிற்று. ஊசியைக் குத்தினாள், ஐம்பத்தைந்து நிமிஷம் ஓடியும் முப்பத்தொன்றுதான். போனில் நங்கை காத்துக்கொண்டிருந்தாள், மூச்சுச் சத்தம் கேட்டது, பின்னால் ஒரு சேவல். பட்டியலைத் திறந்து முதலிடத்தை அழித்தாள். அது சுலபமாகத்தான் இருந்தது, ஒரு விரல் வேலை. ராஜினாமாக் கடிதம் கைப்பையில் கிடக்கட்டும், அதில் தேதியை மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது. அதை வாயால்தான் சொல்ல வேண்டும்.

"இருக்கறயா கோகிலா?"

"இருக்கறனுங்க. நங்கை, உங்கூட்ல மாவு சூடாகறது உங்க கைக் கோளாறு இல்லீங்க. உளுந்தும் நல்லாத்தான் ஊறிருக்கும். அந்த மிசினே அப்படித்தானுங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

நங்கை சேவலை விரட்டும் சத்தம் கேட்டது.

"அப்பறம் எதுக்குப்புள்ள மொத எடத்துல போட்ட?"

"அதுக்குத்தானுங்க எனக்குக் காசு அதிகம்."

நங்கை திட்டுவாள் என்று கோகிலவாணி நின்றாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. நங்கை திட்டவில்லை.

"நேத்துக்கூட மாவு சூடாகாம இருக்க ஐஸ்கட்டி வாங்கத்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்," என்றாள். போனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை.